குடும்பத்துடன் கப்பல் பயணம்: கடல் தெரியும் அறையைத் தேர்ந்தெடுக்கும் முறை

சொகுசுக் கப்பலில் முதன்முறையாகக் குடும்பத்தோடு பயணம் செய்யத் திட்டமிடுகிறவர்கள், முன்பதிவின் தொடக்கத்திலேயே நான்கு வகை அறைகளைக் காண்பார்கள்: ஜன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத ஜன்னல் கொண்ட கடல்காட்சி அறை, பால்கனி அறை, இவை எல்லாவற்றையும்விட விசாலமான சூட். பலர் விலையைப் பார்த்து வகையை மட்டும் முடிவு செய்துவிட்டு, எந்த எண்ணுள்ள அறை கிடைத்தாலும் சரி என்று இருந்துவிடுகிறார்கள். குழந்தைகளோடு செல்பவர்கள் அப்படி இருந்துவிடக் கூடாது. ஒரே வகையில், ஏறத்தாழ ஒரே விலையில் விற்கப்படும் இரண்டு அறைகளில் ஒன்று அமைதியாகவும் ஆட்டம் குறைவாகவும் இருக்கும். மற்றொன்றின் கூரைக்கு மேல் நள்ளிரவு வரை நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். வகையைத் தீர்மானித்த பிறகு அறை எண்ணையும் நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான வழிமுறையை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தந்திருக்கிறேன்.

முதற்படி: கடல்காட்சி அறை உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா?

கடல்காட்சி அறையின் கண்ணாடி சட்டத்தோடு சேர்த்து அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். வெளிக்காற்றை விரும்புகிறவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றலாம். தவழும் குழந்தையோ, கண்ட இடத்தில் ஏறிப் பார்க்கும் மூன்று வயதுப் பிள்ளையோ இருக்கும் பெற்றோருக்கு இதுவே பெரும் நிம்மதி. பால்கனி இருந்தால், கதவின் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா, நாற்காலி கைப்பிடிச் சுவரின் அருகே நகர்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் பலமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு, செலவு ஒரு பொருட்டே இல்லை என்றாலும்கூட, நான் கடல்காட்சி அறையையே முதலில் பரிந்துரைப்பேன்.

உள்ளறையோடு ஒப்பிடும்போது இதன் சிறப்பு பகல் வெளிச்சம். உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டால் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் வேறுபாடு தெரியாது. பிள்ளைகள் எழும் நேரமும் உறங்கும் நேரமும் எளிதில் குழம்பிவிடும். இருட்டில் மட்டுமே பகல் தூக்கம் தூங்கும் கைக்குழந்தைக்கு அந்த இருளே உதவியாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கோடைக் காலத்தில் நார்வே, அலாஸ்கா போன்ற வடதிசைப் பயணங்களில் சூரியன் மிகவும் தாமதமாக மறையும், சில இடங்களில் மறையவே மறையாது. அத்தகைய பயணத்தில் கடல்காட்சி அறையை எடுப்பவர்கள் திரைச்சீலையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கச் சில கிளிப்புகளைக் கொண்டுசெல்வது நல்லது.

கடல் குமட்டலும் இங்கே கருதத் தக்கது. உள்காது உடலின் அசைவை உணர்கிறது. கண்ணோ அசையாத சுவரைப் பார்க்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலைத் தூண்டுகிறது. தொடுவானத்தைப் பார்க்கும்போது கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்வதால் தொல்லை குறைகிறது. 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இத்தொல்லை அதிகம் வரும்; 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிதாகவே வரும். பேருந்திலோ காரிலோ வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு ஜன்னலுள்ள அறை கட்டாயம் என்றே கொள்ளலாம். மாத்திரை தர நினைத்தால், புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் வயதுக்கேற்ற அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னல் என்றவுடன் அது கடலை நோக்கித்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1999இல் வந்த வாயேஜர் ஆஃப் தி சீஸ் கப்பலில், கப்பலின் உள்ளே இருக்கும் கடைவீதியைப் பார்த்தபடி அமைந்த ஜன்னல் அறைகள் உண்டு. 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலில் உள்பூங்காவை நோக்கிய பால்கனிகளும் உண்டு. 2011இல் வந்த டிஸ்னி ட்ரீம் கப்பலின் உள்ளறைகளில் வட்டச் சாளரம்போல் அமைத்த திரையில் வெளிக்காட்சி நேரலையாக ஓடும். இவை பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தருபவைதான். ஆயினும் கடல்காட்சி அறைக்கு இவை ஈடாகா. அறையின் விளக்கத்தை முழுமையாக வாசித்த பிறகே பணம் கட்டுங்கள்.

இரண்டாம் படி: ஆட்களையும் படுக்கைகளையும் கணக்கிடுதல்

கப்பலில் கைக்குழந்தையும் ஒரு முழு நபராகவே எண்ணப்படும். ஒவ்வொரு பயணிக்கும் உயிர்காப்புப் படகில் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே இதற்குக் காரணம். இரண்டு பேருக்கான அறையில் குழந்தையை மடியில் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. நான்கு படுக்கைகள் உள்ள அறை காலியாக இருந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்று முன்பதிவு முறைமை மறுக்கும் சூழ்நிலையும் வரும். அந்தப் பகுதிக்குரிய உயிர்காப்புப் படகுகளின் இடங்கள் நிரம்பிவிட்டன என்பதே அதன் பொருள். கப்பலின் வேறொரு பகுதியில் உள்ள அறையைத் தேடினால் இடம் கிடைக்கக்கூடும். மேலும், பல நிறுவனங்கள் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. துறைமுகம் தொடாமல் பல நாள் கடலில் செல்லும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. பயணம் புறப்படும் நாளில் குழந்தைக்கு என்ன வயது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

சாதாரணக் கடல்காட்சி அறையின் பரப்பு பெரும்பாலும் 150 முதல் 200 சதுர அடி வரை இருக்கும். குளியலறையும் அலமாரியும் இதற்குள்ளேயே அடக்கம். இவற்றுள் பல இரண்டு பேருக்கே உரியவை. மூன்றாவது, நான்காவது பயணிக்கான படுக்கை, சோபாவை விரித்தோ கூரையிலிருந்து இறக்கியோ அமைக்கப்படும். இத்தகைய அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்த எண்ணிக்கையில்தான் உள்ளன. புதிய கப்பல்களில் வெளிப்புறச் சுவரின் பெரும்பகுதியைப் பால்கனி அறைகளே எடுத்துக்கொள்வதால் கடல்காட்சி அறைகளின் மொத்த எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. பள்ளி விடுமுறைக் காலத்தில் முதலில் விற்றுத் தீர்பவை நால்வர் தங்கும் கடல்காட்சி அறைகளே என்பதை நினைவில் வைத்து, நாள் உறுதியானதும் பதிவு செய்துவிடுங்கள்.

படுக்கைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எல்லாப் படுக்கைகளையும் விரித்த பிறகு அறை எப்படி இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் வெளியிடும் படங்களில் சோபா மடித்த நிலையில்தான் இருக்கும். அதை விரித்துவிட்டால், சில அறைகளில் ஜன்னலை நெருங்கவே வழியிருக்காது. மேல்படுக்கையின் ஏணி குளியலறைக்குச் செல்லும் பாதையில் நிற்கும் அமைப்பும் உண்டு. இரவில் எழுந்து நடக்கும் பாட்டி தாத்தா உடன் வந்தால் இது ஆபத்து. சின்னஞ்சிறு பிள்ளைகளை மேல்படுக்கையில் படுக்கவைக்கக் கூடாது. ஆகவே, ஒரு கைக்குழந்தையும் நான்கு வயதுப் பிள்ளையும் உள்ள குடும்பம், கூரைப் படுக்கைகள் மட்டும் உள்ள அறையைத் தவிர்த்து, சோபாப் படுக்கை உள்ள அறையையே தேட வேண்டும். தொட்டில் பெரும்பாலான கப்பல்களில் கேட்டால் தருவார்கள். அதை வைக்கத் தரையில் இடம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

குடும்பங்களுக்கென்றே வடிவமைத்த பெரிய கடல்காட்சி அறைகளும் சில கப்பல்களில் உள்ளன. 2009இல் வந்த கார்னிவல் ட்ரீம் கப்பலில் ஐந்து பேர் தங்கக்கூடிய, இரண்டு குளியலறைகள் கொண்ட அறைகள் இருக்கின்றன. டிஸ்னி கப்பல்களின் பல அறைகளில் கழிப்பறையும் குளிக்கும் இடமும் தனித்தனியாக அமைந்துள்ளன. காலையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கிளம்பும்போது இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். குழந்தையைக் குளிப்பாட்டத் தொட்டி வேண்டுமென்றால் தனியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரண அறைகள் பலவற்றில் ஷவர் மட்டுமே இருக்கும்.

மூன்றாம் படி: தளவரைபடத்தை வாசித்தல்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். ஒவ்வொரு நிறுவனமும் கப்பலின் தளங்களை அடுக்கடுக்காகக் காட்டும் வரைபடத்தை வெளியிடுகிறது. எத்தனை பேர் தங்கலாம், சோபாப் படுக்கை உண்டா, அடுத்த அறைக்கு இடைக்கதவு உண்டா, பார்வை மறைக்கப்பட்டதா என்பவற்றைச் சிறு குறியீடுகள் காட்டும். அவற்றின் விளக்கம் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும். முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

முதலாவது, ஆட்டம். கப்பல் அலையில் செல்லும்போது முன்னும் பின்னும் மாறி மாறி ஏறி இறங்கும், பக்கவாட்டிலும் சாயும். பிள்ளைகள் விளையாடும் ஏற்றப்பலகையின் நடுப்பகுதி அசையாமலும் இரு முனைகளும் வேகமாக ஏறி இறங்குவதும்போல, கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவாகவும் முன்முனையிலும் பின்முனையிலும் மிகுதியாகவும் இருக்கும். உயரத்திலும் இதே கணக்குத்தான்: மேலே செல்லச் செல்லப் பக்கவாட்டுச் சாய்வு கூடுதலாகத் தெரியும். கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீளும் துடுப்பு போன்ற சமநிலைக் கருவிகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் அவ்வளவாகக் கட்டுப்படுத்த இயலாது. எனவே, குமட்டலுக்கு அஞ்சும் குடும்பத்துக்குக் கீழ்த்தளங்களில் நடுப்பகுதி அறையே உகந்தது. கடல்காட்சி அறைகள் பெரும்பாலும் கீழ்த்தளங்களிலேயே அமைந்திருப்பது இவ்வகையில் நமக்குச் சாதகம்.

இரண்டாவது, ஓசை. துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகள் முன்பகுதியின் அடியில் உள்ளன. அதிகாலையில் கரை சேரும்போது அவற்றின் அதிர்வும், நங்கூரம் இறக்கினால் சங்கிலியின் பேரோசையும், கீழ்த்தள முன்பகுதி அறைகளில் நன்றாகக் கேட்கும். கரடுமுரடான கடலில் அலை அறையும் ஓசையும் அங்கேதான் அதிகம். பின்முனையின் கீழ்த்தளங்களில் உந்துசுழலியின் அதிர்வை உணரலாம். ஆனால் இவற்றைக் காட்டிலும் அன்றாடத் தொல்லை தருபவை அறைக்கு நேர் மேலும் நேர் கீழும் இருக்கும் பொதுவிடங்களே. கீழ்த்தளக் கடல்காட்சி அறைகளின் அருகில் அரங்கம், உணவுக்கூடம், நடன அரங்கு, சமையற்கூடம் ஆகியவை அடிக்கடி வரும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த அறையின் இடத்தைக் குறித்துக்கொண்டு, மேல்தள வரைபடத்திலும் கீழ்த்தள வரைபடத்திலும் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருந்தால் அதுவே மிகச் சிறந்த இடம். எதுவும் குறிக்கப்படாமல் வெறுமையாக விடப்பட்ட பகுதிகள், பணியாளர்கள் வண்டிகளைத் தள்ளிச்செல்லும் சேவைப் பகுதிகளாக இருக்கக்கூடும். அவற்றை ஒட்டிய அறையைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, நடை. இன்றைய பெரிய கப்பல்கள் பல 300 மீட்டருக்கும் அதிக நீளமுடையவை. 2024இல் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் ஏறத்தாழ 365 மீட்டர். மறந்துவந்த நீச்சல் உடையை எடுக்க ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குழந்தையோடு நடப்பது எளிதன்று. சிறுவர் மன்றம் எந்தத் தளத்தில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்த்து, அங்கே நேராகச் செல்லும் லிஃப்டுக்கு அருகில் அறை எடுங்கள். லிஃப்டை ஒட்டிய முதல் அறையில் பேச்சொலி கேட்கும். ஐந்தாறு கதவுகள் தள்ளி இருந்தால் இரண்டு வசதியும் கிடைக்கும். 2016இல் வந்த கார்னிவல் விஸ்டா கப்பலில், கீழ்த்தளத்தின் ஒரு பகுதியையே குடும்பங்களுக்கென ஒதுக்கி, அங்கேயே ஓர் ஓய்வுக்கூடத்தையும் அமைத்திருக்கிறார்கள். இது எல்லாக் கப்பல்களும் பின்பற்ற வேண்டிய நல்ல ஏற்பாடு. குழந்தை வண்டியைக் கொண்டுசெல்பவர்கள் மடித்த நிலையில் அதன் அகலத்தை அளந்துவைத்துக்கொள்ளுங்கள்: கப்பல் அறையின் வாசல் குறுகலானது, தீப்பாதுகாப்பு காரணமாக வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்தவும் விடமாட்டார்கள்.

நான்காம் படி: ஜன்னலின் தன்மை

மிகக் கீழ்த்தளங்களில் வட்டச் சாளரங்கள் இருக்கும். கடல் மிகவும் கொந்தளித்தால் அவற்றை உலோக மூடியால் மூடிவிடுவதுண்டு. அப்போது அறை உள்ளறையைப் போலாகிவிடும். அலை கண்ணாடியைத் தொட்டுச் செல்லும் அந்த நெருக்கத்தைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள் என்பதால், அமைதியான கடற்பகுதியில் செல்லும் பயணத்துக்கு இவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். அதற்கு மேலுள்ள தளங்களில் அகன்ற செவ்வக ஜன்னல்கள் இருக்கும். சிலவற்றில் விளிம்புப் பலகை ஆழமாக அமைந்து, ஒரு பிள்ளை அமர்ந்து வேடிக்கை பார்க்கும் அளவுக்கு இடம் தரும்.

உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் உள்ள அறைகளைக் கவனமாகப் பாருங்கள். பார்வை மறைக்கப்பட்டவை என்று குறிக்கப்பட்ட இவ்வறைகள் சற்று மலிவாகக் கிடைக்கும். சிலவற்றில் படகின் மேற்பகுதி ஜன்னலின் அடிவரை மட்டுமே எட்டும், கடல் தாராளமாகத் தெரியும். சிலவற்றில் படகைத் தவிர வேறெதுவுமே தெரியாது. படகுக்கும் படகுக்கும் இடைவெளியில் அமைந்த அறை எது என்பதை வரைபடத்தில் ஓரளவு கண்டறியலாம். பகல் வெளிச்சம் மட்டும் போதும், காட்சி முக்கியமில்லை என்னும் குடும்பத்துக்கு இது நியாயமான சிக்கனம்.

நடைபாதைத் தளத்தை நோக்கிய ஜன்னல்களுக்கு வேறொரு சிக்கல். பகலில் கண்ணாடி வழியே வெளியிலிருப்பவர்களுக்கு உள்ளே தெரியாதபடி பூச்சு இருந்தாலும், இரவில் உள்விளக்கு எரியும்போது உள்ளே இருப்பது வெளியே தெரியும்; திரைச்சீலையை மூடியே வைக்க வேண்டும். கப்பலின் முன்முகத்தில் முன்னோக்கி அமைந்த அகன்ற ஜன்னல் அறைகளும் சில கப்பல்களில் உள்ளன. காட்சி மிக அழகாக இருக்கும். ஆனால் மாலுமிகளின் இரவுப் பார்வைக்கு வெளிச்சம் இடையூறாகும் என்பதால் இருட்டியதும் திரையை மூடச் சொல்வார்கள், முன்முனையின் ஆட்டமும் சேர்ந்தே வரும்.

ஐந்தாம் படி: இடப்புறமா, வலப்புறமா?

புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்தில் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை; போகும்போது கிடைக்காத கரைக்காட்சி வரும்போது கிடைத்துவிடும். ஓரிடத்தில் புறப்பட்டு வேறிடத்தில் முடியும் பயணத்தில் மட்டும், கரை எந்தப் பக்கம் வரும் என்று நிலப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலின் முன்முனையை நோக்கி நின்றால் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட்.

ஆறாம் படி: ஓர் அறையா, இரண்டு அறைகளா?

கட்டணம் பெரும்பாலும் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று குறிக்கப்படும். அதே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பல வேளைகளில் குறைவாக இருக்கும். இதனால் நால்வர் ஓர் அறையில் தங்குவதே மலிவு என்று தோன்றும். ஆனால், நால்வர் தங்கும் பெரிய அறையின் மொத்த விலையையும், சிறிய அறைகள் இரண்டின் மொத்த விலையையும், துறைமுக வரியும் அன்றாடச் சேவைக் கட்டணமும் சேர்த்து, பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். வேறுபாடு சிறிதாக இருந்தால் இரண்டு அறைகளே சிறந்தவை: இரண்டு குளியலறைகள் கிடைக்கும், கைக்குழந்தை ஓர் அறையில் உறங்கும்போது மூத்த பிள்ளை மற்றோர் அறையில் விளையாடலாம்.

இரண்டு அறைகள் எடுப்பதானால் உள்ளிருந்தே திறக்கும் இடைக்கதவு உள்ளவற்றைக் கேளுங்கள். அடுத்தடுத்து இருக்கும் எல்லா அறைகளுக்கும் இடைக்கதவு இருக்காது; வரைபடத்தின் குறியீட்டைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், பெற்றோருக்குக் கடல்காட்சி அறையும், தாழ்வாரத்தின் எதிர்ப்புறத்தில் பிள்ளைகளுக்கு உள்ளறையும் எடுப்பது நல்ல சிக்கனம். ஒவ்வோர் அறையிலும் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட ஒருவர் பதிவாகியிருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதிக்கின்றன. பெற்றோரின் அறை அருகிலிருந்தால் தளர்த்துவதும் உண்டு. பதிவு செய்வதற்கு முன் அந்த விதியைக் கேட்டறியுங்கள். மாறாக, ஓர் அறை மட்டும் எடுப்பவர்கள் இடைக்கதவுள்ள அறையைத் தவிர்க்க வேண்டும். அந்தக் கதவின் வழியே அடுத்த அறையின் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

ஏழாம் படி: பதிவு செய்யும்போது

வகையை மட்டும் உறுதி செய்து, அறை எண்ணைப் பின்னர் நிறுவனமே ஒதுக்கும் முறை ஒன்று உண்டு. விலை குறைவு என்பதால் இருவர் மட்டும் செல்லும் பயணத்துக்கு அது சரிவரும். குடும்பத்துக்கு அது வேண்டாம். இதுவரை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எல்லாவற்றையும் அது கைநழுவச் செய்துவிடும், இரண்டு அறைகள் எடுத்திருந்தால் அவை வெவ்வேறு தளங்களில் அமையவும் கூடும். இதே காரணத்துக்காக, கேட்காமலேயே மேல்வகை அறைக்கு மாற்றும் சலுகை வேண்டாம் என்றும் குறிக்கச் சொல்லுங்கள். தொட்டில், படுக்கை அமைப்பு, உணவு ஒவ்வாமை ஆகியவற்றைப் பதிவின்போதே சொல்லி, உறுதிச்சீட்டில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: கப்பலில் ஏறியவுடன்

அறைக்குள் நுழைந்ததும் தொட்டில் வந்திருக்கிறதா, மேல்படுக்கையின் தடுப்பு உறுதியாக இருக்கிறதா, இடைக்கதவு பூட்டியிருக்கிறதா அல்லது நீங்கள் கேட்டபடி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பகலில் மேல்படுக்கைகளை மடித்துவைக்க வேண்டுமா, விரித்தபடியே விட வேண்டுமா என்பதை அறைப் பணியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடலாம். காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டால் நடக்க இடம் கிடைக்கும். சுவர்கள் பெரும்பாலும் உலோகத்தால் ஆனவை; காந்தக் கொக்கிகள் சில இருந்தால் தொப்பியையும் ஈர உடையையும் மாட்டலாம். மின்செருகிகள் குறைவாகவே இருக்கும், ஆனால் மின்னழுத்தப் பாதுகாப்புப் பொருத்திய நீட்டிப்புப் பலகைகளைத் தீ அபாயம் கருதிக் கப்பல்களில் தடை செய்திருக்கிறார்கள். யுஎஸ்பி முனைகள் கொண்ட சார்ஜரே போதும்.

அன்றைக்கே பாதுகாப்புப் பயிற்சியும் நடக்கும். 2012 ஜனவரியில் கோஸ்டா கொன்கார்டியா கப்பல் கவிழ்ந்தபோது, அன்று புதிதாக ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 32 பேர் உயிரிழந்தார்கள். அதன் பின்னர் சர்வதேச விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தப்பட வேண்டும் என்பது 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக்குச் செல்லும் முன், ஒவ்வொரு பிள்ளையின் உடல் அளவுக்கும் ஏற்ற உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று பணியாளரிடம் கேளுங்கள். கைக்குழந்தைக்குத் தனி அளவு உண்டு. அறையிலிருந்து ஒன்றுகூடும் இடம் வரை மாடிப்படி வழியாகவே பிள்ளைகளை ஒருமுறை நடத்திச் செல்லுங்கள், ஏனெனில் அவசரநிலையில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது.